போன் கர்னல் பில்டு செய்யப் போகிறீர்களா? கம்பைலரைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன மழைக்காலத்தில் மூன்று வார இறுதிகள் எனக்கு ஒரே வேலையில் கழிந்தன. கையில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தது. ஸ்னாப்டிராகன் சிப், 4.14 கர்னல். அதற்குச் சொந்தமாக ஒரு கர்னல், அதாவது ஆப்களுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவில் இருக்கும் ஆண்ட்ராய்டின் அடிப்பகுதி, பில்டு செய்ய ஆசை. சோர்ஸ் கோடு கிடைத்துவிட்டது, லேப்டாப்பும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு ராத்திரி போன் லோகோ வரை வந்து அணைந்து, மறுபடி லோகோ வரை வந்து அணைந்துகொண்டிருந்தது. கோடில் நான் ஒரு வரி கூட மாற்றவில்லை. கோளாறு கம்பைலரில், அதாவது சோர்ஸ் கோடைப் போனில் ஓடும்படி மாற்றித் தரும் கருவியில். அதைவிடக் கொடுமை, எந்தக் கம்பைலரில் பில்டு செய்தேன் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கதை 5-வது படியில் வருகிறது.

லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு பழக்கம் உண்டு, கர்னல் பில்டு செய்வது இதுதான் முதல்முறை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் சொல்லியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் போனிடமே கேளுங்கள்

இணையத்தில் "எது நல்ல கம்பைலர்" என்று தேடாதீர்கள். பதில் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. போனைக் கம்ப்யூட்டரில் செருகி, ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) ஷெல்லுக்குள் போய், ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் வெர்ஷன் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு நீள வரிதான். அதில் கர்னல் எண், பில்டு செய்த கம்பைலர், தேதி எல்லாம் இருக்கும். ஒரிஜினல் கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை எடுத்துக் குறித்துவையுங்கள். வேறு ரோம் (போனில் போடும் மாற்று ஆண்ட்ராய்டு) போட்ட பிறகு பார்த்தால் அந்த ரோமைச் செய்தவரின் கம்பைலர்தான் தெரியும்.

பெரும்பாலும் மூன்று விதமான பதில் வரும். ஜிசிசி, கிளாங் இரண்டும் கம்பைலர்களின் பெயர்கள். "ஜிசிசி 4.9" என்றிருந்தால் பழைய போன். "கிளாங்" என்றும் கூடவே "ஆர்" எழுத்தோடு ஓர் எண்ணும் இருந்தால் அது கூகுளின் ஆண்ட்ராய்டு கிளாங். உதாரணமாக ஆர்353983சி என்றால் கிளாங் 9.0.3, ஆண்ட்ராய்டு 10 காலத்தது. அந்த ஆர் எண்தான் உங்களுக்குத் தங்கம். மூன்றாவது, சிப் நிறுவனம் தானே தயாரித்த எல்எல்விஎம், அதாவது கிளாங்கும் சேர்ந்த கருவித் தொகுப்பு. அது வெளியே எளிதில் கிடைக்காது. அதே முதல் வெர்ஷன் எண் (9.0.3 என்றால் 9) உள்ள கூகுள் கிளாங்கை எடுத்துக்கொண்டால் போதும்.

அதே ப்ராக் ஃபோல்டரில் கான்ஃபிக் ஜிஇசட் என்ற கோப்பு இருந்தால் அதையும் நகலெடுத்து வையுங்கள். எல்லாப் போனிலும் இருக்காது. இருந்தால், எந்தெந்த வசதியோடு ஒரிஜினல் கர்னல் பில்டு ஆனது என்று தெரிந்துவிடும்.

2. கர்னல் எண்ணை வைத்து வகை பிரியுங்கள்

3.18, ஆரம்பகால 4.4: ஜிசிசி 4.9. யோசிக்கவே வேண்டாம்.

4.9, 4.14, 4.19: இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறோம். கம்பைலர் மட்டும் கிளாங். ஆனால் அசெம்பிளர், லிங்கர் (பில்டு ஆன துண்டுகளை ஒன்றாக இணைப்பது) போன்ற உடன்வேலைக்காரர்கள் ஜிஎன்யூ பைனியூட்டில்ஸ் என்ற தொகுப்பிலிருந்து வர வேண்டும். இந்தக் காலத்துக் கர்னல், கிளாங்குக்குள்ளேயே இருக்கும் அசெம்பிளரை வேண்டாம் என்று அணைத்துவிடும். அதனால் கிளாங் டவுன்லோடு செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்தால், முதல் சில நிமிடத்திலேயே அசெம்பிளர் பிழை வரும். டூல்செயின் என்பது ஒரு கருவி அல்ல, ஒரு பெட்டி நிறையக் கருவிகள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

5.4: இடைப்பட்ட காலம். மெயின்லைன் லினக்ஸில் (எல்லாருக்கும் பொதுவான மூல லினக்ஸில்) 5.7-இல்தான் "எல்எல்விஎம்=1" என்ற ஒற்றை ஸ்விட்ச் வந்தது. அதைப் போட்டால் கம்பைலர், லிங்கர் போன்றவை எல்எல்விஎம்மிலிருந்து வரும், அசெம்பிளருக்கு மட்டும் அப்போது தனி ஸ்விட்ச். ஆண்ட்ராய்டின் 5.4 சோர்ஸிலும் அது இருக்கிறது. உங்கள் சோர்ஸின் மேல்மட்ட மேக்ஃபைலை (பில்டு விதிகள் எழுதிய கோப்பு) திறந்து அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

5.10-உம் அதற்கு மேலும்: ஜிகேஐ காலம், அதாவது எல்லாப் போன்களுக்கும் கூகுளின் பொதுவான கர்னல். இங்கே தேர்வு என்று ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் நிம்மதி. கூகுளின் ரெப்போ கருவியை வைத்துக் கர்னலை இறக்கினால், கூடவே சரியான கிளாங்கும் வந்துவிடும். ஆண்ட்ராய்டு 12-இன் 5.10 கிளைக்கு ஆர்416183பி, ஆண்ட்ராய்டு 13-இன் 5.15 கிளைக்கு ஆர்450784இ, ஆண்ட்ராய்டு 14-இன் 6.1 கிளைக்கு ஆர்487747சி. பில்டு.கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்புகளில் இந்த எண் எழுதியிருக்கும். 5.10-க்கு பில்டு ஸ்கிரிப்ட், 5.15-இலிருந்து பேசல் என்ற கருவி. இங்கே கிளாங்கை மாற்றி விளையாடாதீர்கள். போனின் டிரைவர்கள் தனி மாட்யூல்களாக (கர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளாக) வெண்டர் பகுதியில், அதாவது போன் நிறுவனத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும். கர்னலும் அவையும் பொருந்தாவிட்டால் டச் இருக்காது, வைஃபை இருக்காது. 6.1-இல் வந்த புதிய சிஎஃப்ஐ (நிரலின் ஓட்டத்தை யாரும் திசைதிருப்பாமல் காப்பது) பாதுகாப்புக்குக் கிளாங் 16-ஆவது வேண்டும் என்பதால் பழையதும் ஒத்துவராது.

மீதிப் படிகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு. இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் பழைய போன்களில் பெரும்பாலானவை அதில்தான் வருகின்றன.

3. டவுன்லோடு: டேட்டாவைக் காப்பாற்றுங்கள்

கூகுளின் கிளாங் களஞ்சியத்தை முழுதாக கிட் குளோன் செய்யாதீர்கள். அதில் பல வெர்ஷன்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. பத்து ஜிபிக்கு மேல் இழுக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் ஹாட்ஸ்பாட் போட்டு நான் இதைத் தொடங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கூகுளின் சோர்ஸ் தளத்தில் குறிப்பிட்ட ஆர் எண் உள்ள ஃபோல்டரைத் திறந்தால், அதை மட்டும் டிஜிஇசட் கோப்பாக இறக்கும் இணைப்பு இருக்கும். அது போதும்.

பழைய ஆர் எண்ணை முதன்மைக் கிளையில் தேடினால் கிடைக்காது. புதியது வரவரப் பழையதை நீக்கிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 10, 11 என்று பெயருள்ள ரிலீஸ் கிளைகளுக்குள் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும். ஜிசிசி 4.9-க்கும் இதே கதைதான். முதன்மைக் கிளையைத் திறந்து "காலியாக இருக்கிறதே, அழித்துவிட்டார்களா" என்று பதறினேன். ஆண்ட்ராய்டு 9 அல்லது 10-இன் கிளையில் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது வகைக் கர்னலுக்கு இறக்க வேண்டியவை மூன்று: உங்கள் ஆர் எண்ணுக்கான கிளாங், 64 பிட் ஜிசிசி 4.9 பொட்டலம், இதைப் பைனியூட்டில்ஸுக்காக எடுக்கிறோம்; 32 பிட் ஏஆர்எம் ஜிசிசி 4.9 பொட்டலம். "64 பிட் போனுக்கு எதற்கு 32 பிட்" என்று கேட்பீர்கள். 32 பிட் ஆப்கள் ஓடுவதற்குக் கர்னல் ஒரு சின்னத் துண்டை அவற்றுக்கென்று பில்டு செய்து வைக்கும். அதற்குத்தான். இது இல்லாவிட்டால் சில சோர்ஸில் எச்சரிக்கை வரும், சிலவற்றில் பில்டு நின்றே போகும்.

கர்னல் சோர்ஸை கிட் மூலம் இறக்கும்போது ஆழம் 1 என்று கொடுங்கள். லினக்ஸின் மொத்த வரலாறும் உங்களுக்குத் தேவையில்லை. போன் நிறுவனம் வெளியிடும் சோர்ஸ் சில சமயம் அரைகுறையாக இருக்கும். எனக்குக் கிடைத்ததில் ஒரு டிரைவர் ஃபோல்டரே இல்லை. கர்னலின் ஜிபிஎல் 2 உரிமப்படி சோர்ஸை முழுதாகத் தரத்தான் வேண்டும், ஆனால் கேட்டு வாங்க மாதக்கணக்கு ஆகும். உங்கள் போனுக்கு லினியேஜ்ஓஎஸ் என்ற இலவச ரோம் இருந்தால் அவர்களுடைய கர்னல் சோர்ஸை எடுத்துத் தொடங்குவது மேல்.

இனி, பல இடங்களில் புகழ்ந்து எழுதப்படும் தனியார் கிளாங்குகள். புரோட்டான் கிளாங், நியூட்ரான் கிளாங் மாதிரி. பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும் புரோட்டானின் வளர்ச்சி நின்றுவிட்டது. இவற்றில் குறையில்லை. ஆனால் முதல் பில்டுக்கு இவை வேண்டாம். ஒரிஜினல் கம்பைலரில் ஒருமுறை போன் பூட் ஆகிவிட்டால், பிறகு எதை வேண்டுமானாலும் முயலலாம். "இந்தக் கம்பைலரில் பேட்டரி அதிகம் நிற்கும்" என்பார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

4. கம்ப்யூட்டர், நேரம், செலவு

உபுண்டு போதும். பிசி, பைசன், ஃபிளெக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் பொட்டலம், லிப்எல்ஃப் டெவலப்மென்ட் பொட்டலம், சிகேஷ் (ஏற்கெனவே பில்டு ஆனதைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) ஆகியவற்றை ஏபிடியில் நிறுவுங்கள். 4.9, 4.14 சோர்ஸ்களில் சில ஸ்கிரிப்டுகள் பைத்தான் 2-ஐத் தேடும். புதிய உபுண்டுவில் "பைத்தான்" என்ற பெயரில் கட்டளையே இருக்காது என்பதால் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று நிற்கும். பைத்தான் 2 கிடைத்தால் தனியாக நிறுவுங்கள், அல்லது பழைய உபுண்டுவை டாக்கரில் ஓட்டுங்கள்.

காலி இடம் 30 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப்பில் நான்கு கோர், 8 ஜிபி ராம். முதல் பில்டுக்கு 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. சிகேஷ் போட்டபின் சின்ன மாற்றங்களுக்கு ஏழெட்டு நிமிடம். அப்புறம் பழைய ராம் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். மொத்தத்தில் கையை விட்டுப் போன காசு அவ்வளவுதான். லேப்டாப்பே பலவீனம் என்றால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பொதுக் களஞ்சியத்துக்கு இலவசமாக பில்டு செய்யலாம். ஒரு வேலைக்கு ஆறு மணி நேரம் வரை தருகிறார்கள், கர்னலுக்கு அது தாராளம்.

போன் பக்கம் வேறு நேரக் கணக்கு உண்டு. சொந்தக் கர்னல் போட, முதலில் பூட்லோடரை (போன் தொடங்கும்போது கர்னலை ஏற்றும் பகுதி) அன்லாக் செய்ய வேண்டும்; செய்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். ஷாவ்மி போன்களில் அன்லாக் அனுமதிக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், திரும்ப வராது. அன்லாக் செய்த போனில் வங்கி ஆப்கள் தகராறு செய்யும். அதனால் தினமும் யுபிஐ கட்டும் போனில் இதைச் செய்யாதீர்கள். காத்திருக்கும் நாட்களில் பில்டு வேலையை முடித்துவையுங்கள்.

5. பில்டு கட்டளை: நான் விழுந்த குழி

இப்போது அந்த மூன்று வார இறுதிக் கதை.

டெர்மினலில் மாறிகளை எக்ஸ்போர்ட் செய்தால், பில்டை ஓட்டும் மேக் கட்டளை எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆர்க் என்ற மாறிக்கு ஏஆர்எம்64 என்று எக்ஸ்போர்ட் செய்தேன், எடுத்துக்கொண்டது. கிராஸ் கம்பைல் மாறியையும் எடுத்துக்கொண்டது. எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற மாறிக்குக் கிளாங் என்று எக்ஸ்போர்ட் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. அதையும் எடுத்துக்கொண்டது என்று நம்பினேன்.

எடுத்துக்கொள்ளவில்லை. கர்னலின் மேக்ஃபைலில் முதல் இரண்டும் "ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அதை வைத்துக்கொள்" என்ற வகையில் எழுதப்பட்டிருக்கின்றன. சிசி அப்படியில்லை, வெளியே என்ன வைத்திருந்தாலும் மேக்ஃபைல் அதன்மேல் "கிராஸ் கம்பைல் முன்னொட்டு, கூடவே ஜிசிசி" என்று எழுதிவிடும். மேக் கட்டளையின் அதே வரியில் சிசி=கிளாங் என்று கொடுத்தால் மட்டுமே அது செல்லும். என் கிராஸ் கம்பைல் மாறி உபுண்டுவிலிருந்து நிறுவிய ஏஆர்எம் ஜிசிசியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆக, மூன்று வாரம் நான் கிளாங் 9 என்று நினைத்து பில்டு செய்தது ஜிசிசி 11.

இதில் ஸ்னாப்டிராகன் நிறுவனமான குவால்காமின் சோர்ஸுக்கென்று ஒரு சங்கதி உண்டு. சிசி நேரடியாகக் கம்பைலரைக் கூப்பிடாது. ஜிசிசி-ராப்பர் என்ற பைத்தான் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அது ரியல் சிசி என்ற இன்னொரு மாறியைக் கூப்பிடும். சின்ன எச்சரிக்கை வந்தாலும் "தடைசெய்யப்பட்ட எச்சரிக்கை" என்று பில்டை நிறுத்துவதுதான் அந்த ராப்பரின் வேலை. எனக்கு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வந்தது. வழிகாட்டி ஒன்றில் சொன்னபடி ராப்பரையே தூக்கிவிட்டேன். "இவ்வளவு எச்சரிக்கையா, கம்பைலர் தப்போ" என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சரியான முறை இது. அவுட் என்று தனி ஃபோல்டர் கொடுங்கள். முதலில் உங்கள் போனின் டெஃப்கான்ஃபிக் (அந்தப் போனுக்கான கர்னல் அமைப்புகள்), பிறகு முழு பில்டு. இரண்டு கட்டளைக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள்: ஆர்க்=ஏஆர்எம்64, சிசி=கிளாங், கிளாங் டிரிபிள்=ஏஆர்ச்64-லினக்ஸ்-ஜிஎன்யூ-, கிராஸ் கம்பைல்=ஏஆர்ச்64-லினக்ஸ்-ஆண்ட்ராய்டு-, கிராஸ் கம்பைல் ஏஆர்எம்32=32 பிட் பொட்டலத்தின் முன்னொட்டு. முன்னொட்டுகளின் கடைசியில் இருக்கும் சின்னக் கோடு கட்டாயம். அதை விட்டால் "ஆண்ட்ராய்டுஎல்டி" என்று ஒட்டிப்போன பெயரில் லிங்கரைத் தேடிக்கொண்டிருக்கும். 4.19-இலிருந்து டெஃப்கான்ஃபிக் கட்டத்திலேயே கம்பைலர் எது என்று சோதித்துக் குறித்துக்கொள்ளும். அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் கொடுத்தால் குழப்பம்தான். கம்பைலரை மாற்றினால் அவுட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பில்டு முடிந்ததும், ஃபிளாஷ் செய்வதற்கு (போனில் எழுதுவதற்கு) முன்னால், அவுட்டுக்குள் இன்க்ளூட், அதற்குள் ஜெனரேட்டட், அதற்குள் கம்பைல்.ஹெச் கோப்பைத் திறங்கள். ஐந்தாறு வரிதான் இருக்கும். அதில் லினக்ஸ் கம்பைலர் என்ற வரியில் உண்மையில் எந்தக் கம்பைலர் ஓடியது என்று எழுதியிருக்கும். 1-வது படியில் குறித்துவைத்த வரியோடு ஒப்பிடுங்கள். அரை நிமிட வேலை. மூன்றாவது ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு நான் அந்தக் கோப்பைத் திறந்தபோது ஜிசிசி 11 என்று இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

6. அடிக்கடி வரும் பிழைகள்

"ஒய்ஒய்லாக் பலமுறை வரையறுக்கப்பட்டுள்ளது": இது போன் கம்பைலரின் பிழை இல்லை. உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த ஜிசிசி 10-உம் அதற்கு மேலும் இருந்தால் வரும். ஸ்கிரிப்ட்ஸ், டிடிசி ஃபோல்டரில் உள்ள லெக்சர் கோப்பில் அந்த அறிவிப்பின் முன்னால் "எக்ஸ்டர்ன்" என்று சேர்த்தால் தீரும்.

எச்சரிக்கைகள் பிழையாக மாறுவது: ஒரிஜினலைவிட மிகப் புதிய கம்பைலர் போட்டால் இது கொட்டும். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவதைவிட, சரியான வெர்ஷனுக்குத் திரும்புவது சீக்கிரம் முடியும்.

வெறும் "கில்டு" என்று ஒரு சொல், வேறு விளக்கம் இல்லை: ராம் தீர்ந்துபோய் லினக்ஸே வேலையைக் கொன்றுவிட்டது. எல்டிஓ (லிங்க் செய்யும்போது மொத்தக் கோடையும் சேர்த்துப் பார்த்து மேம்படுத்துவது) போட்டு லிங்க் செய்யும்போது இது சகஜம். முழு எல்டிஓ 8 ஜிபி ராமில் நடக்காத காரியம். கான்ஃபிகில் "தின் எல்டிஓ" (ராம் குறைவாகக் கேட்கும் வகை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், ஸ்வாப் கூட்டுங்கள், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எல்டிஓவை மொத்தமாக அணைத்தால் அதை நம்பியிருக்கும் சிஎஃப்ஐயும் பழைய கர்னல்களில் கூடவே போய்விடும். சோதனைக்குப் பரவாயில்லை.

7. ஃபிளாஷ்

ஃபிளாஷ் செய்வதற்கு முன் ஒரிஜினல் பூட் இமேஜ் (கர்னல் இருக்கும் கோப்பு), டிடிபிஓ இமேஜ் (போனின் ஹார்டுவேர் விவரம் இருக்கும் கோப்பு) இரண்டும் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். போனின் முழு ஃபர்ம்வேர் பொட்டலத்திலிருந்து எடுக்கலாம். இது இல்லாமல் ஒரு அடி கூட வைக்காதீர்கள்.

பூட் இமேஜை நீங்களே பிரித்து ஒட்ட வேண்டாம். எனிகர்னல்3 என்ற கருவி இருக்கிறது. உங்கள் கர்னல் கோப்பை அதில் வைத்து ஜிப் செய்து ரிக்கவரியில் (போனின் மீட்பு மோடில்) ஃபிளாஷ் செய்தால், போனில் இருக்கும் ராம்டிஸ்க்கை (தொடக்கத்துக்கான கோப்புகளை) அப்படியே விட்டுவிட்டுக் கர்னலை மட்டும் மாற்றும். பூட் இமேஜாக வைத்திருந்தால், ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் கருவியில்) "ஃபிளாஷ்" என்பதற்குப் பதில் "பூட்" என்று கொடுத்துப் பாருங்கள். சில போன்களில் இது வேலை செய்யாது. செய்தால் வரப்பிரசாதம். எதையும் எழுதாமல் ஒரு தடவை மட்டும் ஓட்டிப் பார்க்கும், சரியில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்தாலே பழைய கர்னல் வந்துவிடும்.

பூட் ஆனது, ஆனால் வைஃபை இல்லை என்றால் கம்பைலரைத் திட்டுவதற்கு முன் மாட்யூல்களைப் பாருங்கள். டிமெஸ்கில் (கர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) "சிம்பல் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை" என்ற மாதிரி வரி இருந்தால், வெண்டர் பகுதியில் உள்ள பழைய மாட்யூலைப் புதுக் கர்னல் ஏற்க மறுக்கிறது. நீங்கள் பில்டு செய்த மாட்யூலையும் சேர்த்து வைக்க வேண்டும், அல்லது வைஃபை டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்து பில்டு செய்ய வேண்டும்.

பூட்லூப் (லோகோ வரை வந்து வந்து அணைவது) என்றால் ரிக்கவரிக்குப் போய், சிஸ் ஃபோல்டருக்குள் எஃப்எஸ், அதற்குள் பிஸ்டோரில் கன்சோல்-ராம்ஊப்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். செத்துப்போன கர்னல் கடைசியாக என்ன சொன்னது என்று அதில் இருக்கும். பேட்டரி தீர்வதற்குள் எடுத்துவிடுங்கள், பவர் போனால் அது அழிந்துவிடும்.

8. வேலை முடிந்த பிறகு

ஜிப்பை நண்பருக்கோ குழுவிலோ கொடுப்பதாக இருந்தால் சோர்ஸையும் தர வேண்டும். உங்களையும் ஜிபிஎல் விடாது. எந்த ஆர் எண்ணில் பில்டு செய்தீர்கள் என்பதை சோர்ஸோடு ஒரு வரி எழுதிவையுங்கள். இறக்கிய கிளாங் பொட்டலத்தையும் பென்டிரைவில் போட்டுவையுங்கள். நான் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து லேப்டாப்பை ஃபார்மட் செய்தபின் அதே ஆர் எண்ணைத் தேடி மறுபடி எல்லாக் கிளைகளுக்குள்ளும் அலைந்தேன். இந்தத் தடவை வீட்டு பிராட்பேண்டில்தான்.